கண்ணைத் தொடாத கருவி

"முகம் பார்த்துச் சிரிக்கிறதா?" கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பவர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. குழந்தை எதைப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதில் அதன் வளர்ச்சி தெரியும் என்பது நம் வீடுகளில் நெடுநாளாக இருந்துவரும் அறிவு. ஆட்டிசமாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு போகும் பெற்றோரிடம் மருத்துவர் கேட்பதும் பெரும்பாலும் பார்வையைப் பற்றித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? நீங்கள் கைகாட்டிய பக்கம் பார்க்கிறாளா? முகத்தைப் பார்த்துப் பேசுகிறானா?

இந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு இப்போது கேமரா பதில் தேடுகிறது. குழந்தை திரையில் வீடியோ பார்க்கும். திரையோடு இருக்கும் கேமரா குழந்தையின் கண்ணைப் பார்க்கும். எந்தக் கணத்தில் பார்வை திரையின் எந்த இடத்தில் நின்றது என்பது நொடிக்கு நூறு முறைக்கும் மேல் பதிவாகும். ஆட்டிசம் உறுதியான குழந்தைகள், மற்றக் குழந்தைகள் என இரு தரப்பினரின் பதிவுகளையும் முன்பே பார்த்துப் பழகிய கணினி நிரல் ஒன்று, புதிதாக வந்த பதிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும். இதற்குப் பெயர் இயந்திரக் கற்றல்.

புத்தம் புதியதாகத் தெரியும் இந்தக் கருவியின் கதை இருநூறு ஆண்டுப் பழமையானது. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு ரப்பர் குழாய், தென் அமெரிக்க மலைச்சரிவில் விளையும் கோக்கா இலை, போர் விமானிகள், விளம்பரக் கம்பெனிகள், மாஸ்கோவில் தொங்கும் ஓர் ஓவியம் என்று பல கைகள் மாறி இது வந்திருக்கிறது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை குழந்தைகளைப் பற்றி நினைத்தவையே அல்ல. ஆனாலும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மாற்றம் நடந்துகொண்டிருந்தது: கருவி கண்ணை விட்டு இன்னும் சற்றுத் தள்ளி நின்றது. அப்படித் தள்ளி நின்றதால்தான் அது குழந்தையிடம் வந்து சேர முடிந்தது.

1823. இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்று வழங்கும் அன்றைய பிரெஸ்லாவ் நகரம். அங்கே உடலியல் பேராசிரியராகச் சேர்ந்த யான் புர்கின்யே, மனிதக் கண்ணுக்கு எதிரே மெழுகுவர்த்தியைப் பிடித்துக் கூர்ந்து பார்த்தார். கண்ணுக்குள் ஒரு சுடர் தெரிவதற்குப் பதில் நான்கு சுடர்கள் தெரிந்தன. கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம், உள்ளே இருக்கும் லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம் என நான்கு பரப்புகளும் தனித்தனியே ஒளியைத் திருப்பி அனுப்பின. இதை அவர் லத்தீனில் எழுதிய சிறு ஆய்வேட்டில் பதிவு செய்தார். விரல் ரேகைகளை ஒன்பது வகையாகப் பிரித்துக் காட்டியதும் அதே ஆய்வேட்டில்தான். ஆளை அடையாளம் காட்டும் ரேகையும், ஆள் எங்கே பார்க்கிறார் என்று காட்டப்போகும் ஒளிப்புள்ளியும் ஒரே நூலில் அடுத்தடுத்து இருந்தன. இரண்டின் பயனும் அப்போது யாருக்கும் தெரியாது.

அரை நூற்றாண்டு கழித்துக் கதை பாரிஸுக்கும் பிராகுக்கும் நகர்கிறது. பாரிஸில் எமில் ஜாவல் சுரங்கப் பொறியியல் படித்தவர். தந்தைக்கும் தங்கைக்கும் மாறுகண் இருந்தது அவரைக் கண் மருத்துவத்துக்கு இழுத்து வந்தது. 1878 முதல் படிக்கும்போது கண் என்ன செய்கிறது என்பதைப் பற்றி அவர் எழுதத் தொடங்கினார். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டே போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. இதை அன்று கண்டுபிடித்த வழிகளில் வியப்பானது, காதால் கேட்டதுதான். 1879-ல் பிராகில் இவால்ட் ஹெரிங் ரப்பர் குழாய்களை இமை மேல் வைத்து, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பது போலக் கேட்டார். கண் தாவும்போதெல்லாம் அதை இழுக்கும் தசைகளின் மெல்லிய தட்டொலி கேட்டது. ஜாவலின் ஆய்வுக்கூடத்தில் லமார் என்பவரும் இதே போலக் குழாய் வைத்து, ஒரு வரிக்கு எத்தனை தாவல் என்று எண்ணினார். படிக்கும் கண்ணை உலகுக்கு விளக்கிய ஜாவல், கண் நீர் அழுத்த நோயால் தன் பார்வையை முழுவதும் இழந்தார். அதற்குப் பிறகும் எழுதினார். 1903-ல் பார்வையற்றவர்களின் அன்றாட வாழ்க்கைக்கு உதவும் நூல் ஒன்றை வெளியிட்டார்.

கேட்டால் எண்ணிக்கை கிடைக்கும். கண் எங்கே போனது என்று தெரியாது. அதற்குக் கண்ணோடு எதையாவது இணைத்தாக வேண்டும். கண்ணில் தூசி பட்டாலே தாங்க முடியாத மனிதன் அதை எப்படிச் சகிப்பான்? விடை வியன்னாவிலிருந்து வந்தது. ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் மென்று வந்த கோக்கா இலையிலிருந்து ஐரோப்பியர்கள் கோகெயினைப் பிரித்தெடுத்திருந்தார்கள். சிக்மண்ட் ஃபிராய்ட் அதன் மருத்துவப் பயன்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய நண்பர் கார்ல் கொல்லர் 1884-ல் ஒரு சொட்டு கோகெயின் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று காட்டினார். கண் அறுவை மருத்துவம் அதோடு மாறியது. கண்ணைப் பதிவு செய்ய நினைத்தவர்களுக்கும் கதவு திறந்தது.

1898-ல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் டெலபார் எழுதியது. மற்றது கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹியூயி எழுதியது. பெயரும் ஒன்று, உத்தியும் ஏறக்குறைய ஒன்று. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கண்ணளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் செய்வார்கள். பார்ப்பதற்கு நடுவில் துளை விடுவார்கள். மரத்துப்போன கண்ணின் மேல் அதை ஒட்டவைப்பார்கள். கிண்ணத்திலிருந்து கிளம்பும் மெல்லிய நெம்புகோல், ஹியூயியின் கருவியில், அலுமினிய முள் ஒன்றை அசைக்கும். முள், புகைக்கரி பூசிய உருளையில் கோடு கிழிக்கும். ஒருவர் படிக்கப் படிக்கக் கண்ணின் தாவல்கள் படிக்கட்டுகளாக உருளையில் எழுந்தன. கண் தானே எழுதிய முதல் கையெழுத்துகளில் இவையும் அடங்கும். அதற்காகப் படிப்பவர் தலையை ஆடாமல் அசையாமல் வைத்து, கண் மேல் பாரம் சுமக்க வேண்டியிருந்தது.

மூன்றே ஆண்டுகளில் பாரம் இறங்கியது. 1901-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் டாட்ஜ், கிளைன் என்பவரோடு சேர்ந்து, கண்ணைத் தொடாமலே படம் பிடித்தார். கருவிழியில் விழுந்து திரும்பும் ஒளிப்புள்ளி இருக்கிறதே, புர்கின்யேயின் முதல் சுடர், அதைக் கேமராவுக்குள் விட்டார். உள்ளே புகைப்படத் தட்டு ஒன்று காற்றின் தடையால் சீரான வேகத்தில் மெல்லக் கீழிறங்கியது. கண் அசைய, தட்டு இறங்க, கண்ணின் நடை கோடாகப் பதிந்தது. 1908-ல் அதே டாட்ஜ், டீஃபென்டார்ஃப் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து இதே கேமராவை மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆடும் ஊசலைக் கண்ணால் பின்தொடரச் சொன்னபோது, இன்று ஸ்கிட்சோஃப்ரினியா என்று நாம் அழைக்கும் நோய் உள்ளவர்களின் கண் அதைச் சீராகத் தொடரத் தடுமாறியது. கண்ணின் அசைவைப் பதிவு செய்து மனநிலையை அறியலாம் என்ற எண்ணம் மருத்துவத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். இன்றைய ஆட்டிசம் ஸ்கிரீனிங்குக்கு, அதாவது முதற்கட்டச் சோதனைக்கு, இந்த 1908 முயற்சியே மூதாதை.

அடுத்து வியாபாரிகள் வந்தார்கள். 1930-களில் அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனி, படிப்பவரின் கண் அசைவைப் படச்சுருளில் பதிக்கும் ஆப்தால்மோகிராஃப் என்ற கருவியைப் பள்ளிகளுக்கு விற்றது. நன்றாகப் படிக்கும் மாணவரின் கண் குறைவாகத் தாவுகிறது, திணறும் மாணவரின் கண் அதிகமாகத் தாவுகிறது என்பது உண்மை. ஆகவே கண்ணுக்குப் பயிற்சி கொடுத்துத் தாவலைக் குறைத்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று நம்பினார்கள். வரியைத் துண்டு துண்டாகக் காட்டிக் கண்ணை விரட்டும் இயந்திரங்களும் கூடவே விற்பனையாயின. மினசோட்டாவைச் சேர்ந்த மைல்ஸ் டிங்கர் போன்ற ஆய்வாளர்கள் விடாமல் மறுத்தார்கள். கண்ணின் தாவல் படிப்பில் உள்ள சிரமத்தின் அறிகுறி. சிரமத்துக்குக் காரணம் அது அல்ல என்று சொன்னார்கள். ஆட்டிசத்துக்கு வரும்போது இந்தப் பாடம் மறுபடி தேவைப்படும்.

இதே காலத்தில், 1935-ல், சிகாகோவில் கய் பஸ்வெல் எழுத்தை விட்டுப் படங்களுக்குப் போனார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை ஓவியம் உள்ளிட்ட படங்களை 200 பேருக்குக் காட்டி அவர்கள் கண் போன வழியைப் பதிந்தார். படத்தின் எல்லா இடத்தையும் யாரும் சமமாகப் பார்ப்பதில்லை. ஒருவர் பார்த்த வழியில் இன்னொருவர் பார்ப்பதும் இல்லை. இது விளம்பரக்காரர்களின் காதில் விழாமல் இருக்குமா? பக்கத்தின் எந்த மூலையில் சோப்புப் படம் இருந்தால் கண் முதலில் போகும் என்ற கேள்விக்குக் கண் கேமராக்கள் வேலை செய்யத் தொடங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க விமானப்படை இன்னொரு கேள்வியோடு வந்தது: மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை இறக்கும் விமானி எந்த முள்ளை எத்தனை முறை பார்க்கிறார்? பால் ஃபிட்ஸும் அவர் குழுவினரும் விமானி அறைக்குள் சினிமா கேமராவை வைத்துப் படம்பிடித்து, 1950-ல் வெளியிட்ட கணக்கு, முட்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்கு வழிகாட்டியது.

ஒரு தற்செயல் நிகழ்வு இங்கே குறுக்கிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எக்கார்ட் ஹெஸ், ஓர் இரவு படுக்கையில் விலங்குகளின் அழகான புகைப்படங்கள் நிறைந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மனைவி, விளக்கு வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது, உங்கள் கண்மணி இவ்வளவு விரிந்திருக்கிறதே என்றார். வெளிச்சமோ போதுமானதாகவே இருந்தது. கண்மணி வெளிச்சத்துக்கு மட்டுமல்லாமல் ஆர்வத்துக்கும் விரியும் என்ற எண்ணம் ஹெஸ்ஸுக்கு அங்கே பிறந்தது. 1960 முதல் அவர் வெளியிட்ட ஆய்வுகள் கண்மணியின் அளவையே ஓர் உடலியல் சமிக்ஞையாக மாற்றின. விளம்பரத் துறை இதற்கும் பணம் போட்டது. கண்மணி எதை விரும்புகிறது என்று அளந்து சரக்கு விற்கும் கனவு பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் கண்மணியை அளக்கும் பழக்கம் நிலைத்தது. 2018-ல் சுவீடன், பிரிட்டன் ஆய்வாளர்கள், 9, 10 மாதக் குழந்தைகளின் கண்ணில் மெல்லிய ஒளி பட்டதும் கண்மணி எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளிடம் அந்தச் சுருக்கம் சராசரியாகக் கூடுதலாக இருந்தது.

ஹெஸ்ஸின் காலத்திலேயே மாஸ்கோவில் ஆல்ஃபிரெட் யார்பஸ் மறுபடி கண்ணைத் தொட்டார். கண்ணில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சின்ன மூடியைச் செய்து, அதில் கண்ணாடித் துணுக்கு ஒன்றைப் பதித்தார். இமைகளை ஒட்டுநாடாவால் திறந்து வைத்தார். சில நிமிடங்களுக்கு மேல் யாராலும் தாங்க முடியாத இந்த ஏற்பாட்டில் அதுவரை கிடைக்காத துல்லியம் கிடைத்தது. ருஷ்ய ஓவியர் இல்யா ரெப்பினின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்று அவருடைய சோதனைப் பொருள்: நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பம் திகைத்து நிமிர்கிறது. ஒரே பார்வையாளரிடம் யார்பஸ் ஏழு விதமாகக் கேட்டார். சும்மா பாருங்கள் என்றபோது கண் ஒரு வழியில் போனது. இவர்களின் வயது என்ன இருக்கும் என்றதும் முகங்களில் தங்கியது. குடும்பம் வசதியானதா என்றதும் மேசை நாற்காலிகளைத் தேடிப் போனது. 1965-ல் ருஷ்ய மொழியிலும் 1967-ல் ஆங்கிலத்திலும் வந்த அவர் நூல் சொன்னது இதுதான்: பார்வையின் பாதையை வரைவது, பார்ப்பவரின் மனதில் இருக்கும் கேள்வி. ஒன்றரை வயதுக் குழந்தையிடம் இப்படிக் கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால் அதன் மனம் எதைத் தேடிப் போகிறது என்று பார்க்கலாம்.

அதற்குக் கருவி முழுவதுமாக விலகி நிற்க வேண்டும். 1973-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் கார்ன்ஸ்வீட்டும் கிரேனும், புர்கின்யேயின் நான்கு சுடர்களில் முதலாவதையும் நான்காவதையும் ஒருசேரப் பின்தொடர்ந்து மிக நுண்ணிய அளவீட்டை எட்டினார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய மெழுகுவர்த்தி அகச்சிவப்பு விளக்காக மாறியது. 1974-ல் ஹனிவெல் கம்பெனியின் ஜான் மெர்ச்சன்ட் குழு, எட்ட இருந்தே பார்வையை அளக்கும் கருவியைப் பற்றி எழுதியது. பார்ப்பவர் ஒரு கன அடி இடத்துக்குள் தலையை அசைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை. தலை அசையாமல் இருக்கக் கடித்துக்கொள்ளும் அச்சுப்பலகையும் தாடைத் தாங்கியும் இல்லாமல் ஒரு கன அடி விடுதலை! துள்ளும் குழந்தைக்கு அது போதாது. என்றாலும் திசை சரியான திசை.

2001-ல் ஸ்டாக்ஹோமில் மூன்று இளைஞர்கள் டோபி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் சொல்லும் கதைப்படி, அவர்களில் ஒருவரான யோன் எல்வெஷோ, திரவத்தில் ஓடும் குமிழிகளைக் கேமராவால் பின்தொடரும் வேலையில் இருந்தார். அந்தக் கேமரா குமிழியை விட்டுவிட்டுத் தன் கண்ணைத் தொடர்வதைத் தற்செயலாகக் கவனித்தார். கை கால் அசைக்க முடியாதவர்கள் கண்ணால் கணினியை இயக்கவும், கடைத் தட்டுகளை ஆராயவும், வீடியோ விளையாட்டுக்கும் என்று அந்தக் கருவிகள் பரவின. உள்ளே நடப்பது எளிது: அகச்சிவப்பு விளக்கு கருவிழியில் ஒரு மினுக்கைப் போடுகிறது, கேமரா அந்த மினுக்கையும் கண்மணியின் நடுவையும் காண்கிறது, இரண்டுக்கும் இடையிலான தூரமும் திசையும் பார்வை எங்கே என்று சொல்கின்றன. குழந்தைக்கு அளவைச் சரிபார்க்க, திரையின் மூலைகளில் கிலுகிலுப்பை போன்ற ஏதாவது ஒன்று ஒலியோடு தோன்றும். குழந்தை தானாகத் திரும்பும். அவ்வளவுதான்.

ஆட்டிசத்தின் கதை தனியே ஓடிக்கொண்டிருந்தது. 1943-ல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, மனிதர்களை விடப் பொருள்களிடம் ஒட்டிக்கொள்ளும் கவனம் பேசப்பட்டது. அப்போது அதை யாரும் எண்ணால் அளக்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து இரண்டு கதைகளும் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்தில் சந்தித்தன. ஆமி கிளினும் வாரன் ஜோன்ஸும் கண் பதிவுக் கருவியைப் பேஸ்பால் தொப்பியின் முன்விளிம்பில் பொருத்தி, ஆட்டிசம் உள்ள 15 இளைஞர்களுக்கும் இல்லாத 15 பேருக்கும் ஒரு சினிமா போட்டுக் காட்டினார்கள். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் நடித்த, 1966-ல் வந்த "ஹூஸ் அஃப்ரைட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்". நான்கே பேர் ஓயாமல் பேசி, குத்திக் காட்டி, உடைந்து போகும் படம். முகத்தைப் படிக்காமல் கதை புரியாது. 2002-ல் வந்த முடிவு: ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களை மிகக் குறைவாகப் பார்த்தார்கள், வாயை, உடலை, அறையில் இருந்த பொருள்களை அதிகம் பார்த்தார்கள். அதற்குள் இன்னொரு வியப்பு இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்களிலேயே வாயை அதிகம் பார்த்தவர்கள் அன்றாட வாழ்வில் மற்றவர்களோடு ஓரளவு நன்றாகவே பழகினார்கள்.

ஏன் வாய்? விடையின் ஒரு துண்டு தற்செயலாகக் கிடைத்தது. சுவீடனின் குன்னர் யோஹான்சன் 1973-ல் உருவாக்கிய உத்தி ஒன்று உண்டு: மூட்டுகளில் ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரிய, இருட்டில் அசையும் மனிதர். அத்தகைய வீடியோக்களைக் கிளின் குழு குழந்தைகளுக்குக் காட்டியது. ஒரு பக்கம் நேராக நிற்கும் புள்ளி மனிதர், மறுபக்கம் தலைகீழாக, பின்னோக்கி ஓடும் அதே மனிதர். ஒலி இரண்டுக்கும் பொது. ஆட்டிசம் உள்ள 15 மாதப் பெண் குழந்தை ஒன்று எந்தப் பக்கத்தையும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரே ஒரு வீடியோவைத் தவிர. அது கைதட்டிப் பாடும் விளையாட்டு, நம் ஊர்ச் சப்பாணி கொட்டுதல் போன்றது. அதில் மட்டும் நேரான பக்கத்தையே பார்த்தாள். கை மோதும் கணமும் சத்தம் கேட்கும் கணமும் அங்கே மட்டுமே பொருந்தின என்பதைக் குழு கண்டுகொண்டது. அசைவும் ஒலியும் சேரும் இடமே இக்குழந்தைகளை ஈர்க்கிறது என்று 2009-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பேசும் முகத்தில் அசைவும் ஒலியும் சேரும் இடம் எது? வாய்தான்.

2011-ல் சான் டியேகோவில் கேரன் பியர்ஸ் இன்னும் எளிய சோதனை செய்தார். ஒரு நிமிட வீடியோ. திரையின் ஒரு பாதியில் குழந்தைகள் ஆடுகிறார்கள், யோகா செய்கிறார்கள். மறுபாதியில் கணினியின் வடிவியல் கோலங்கள் சுழல்கின்றன. 110 குழந்தைகளில், நேரத்தில் 69 சதவீதத்துக்கு மேல் கோலங்களையே பார்த்த அனைவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மந்திரக்கோல் கிடைத்துவிட்டது என்று தோன்றும். 2016-ல் அதே குழு 334 குழந்தைகளிடம் திரும்பச் செய்தபோது அளவு தெளிவானது: கோலம் பார்த்த குழந்தைக்கு ஆட்டிசம் இருக்க மிக அதிக வாய்ப்பு உண்டு, ஆனால் ஆட்டிசம் உள்ள ஐந்து குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவரை மட்டுமே இச்சோதனை பிடித்தது. மற்ற நால்வர் ஆடும் குழந்தைகளையும் பார்த்தார்கள். ஆட்டிசம் எல்லோரிடமும் ஒரே விதமாக இருப்பதில்லை என்று பெற்றோர்கள் சொல்லிவந்ததை எண்களும் சொல்லின.

2013-ல் ஜோன்ஸும் கிளினும் அட்லான்டாவிலிருந்து வெளியிட்ட ஆய்வு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பிறந்த சில வாரங்களிலிருந்து மூன்று வயது வரை குழந்தைகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் பார்வையைக் கவனித்துவந்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே கண்ணைப் பார்க்காதவர்கள் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. 2 மாதத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே பார்த்தார்கள்; 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் அந்தப் பார்வை மெல்லச் சரியத் தொடங்கியது. அமெரிக்காவிலேயே ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு 4 வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் அது உறுதியாகிறது. சரிவு தொடங்குவது அதற்கு வெகு முன்னால். இடையில் போகும் காலம், மூளை மிக வேகமாக வளரும் காலம்.

ஒரே ஓர் அறிகுறியைப் பிடித்துக்கொண்டால் பலரை விட்டுவிடுவோம். பல மெல்லிய அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க மனிதக் கண்ணுக்கு நேரமும் நினைவும் போதாது. இயந்திரக் கற்றல் நுழைந்த இடம் இது. கூடவே கேமரா மலிவானது. 2016-ல் 1,450-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் செல்பேசியிலும் டேப்லெட்டிலும் தாங்களே எடுத்து அனுப்பிய சுமார் 25 லட்சம் படங்களைக் கொண்டு, சாதாரண முன்பக்கக் கேமராவே பார்வைத் திசையைக் கணிக்கும்படி பழக்கினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள்.

2023-ல் இரண்டு ஆய்வுகள் வந்தன. இரண்டிலும், தற்செயலாக, 475 குழந்தைகள். முதலாவது, கிளின் குழுவின் ஆய்விலிருந்து பிறந்த எர்லிபாயின்ட் கருவி. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, நோயறிதலுக்குத் துணையாக, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-ல் இதை அனுமதித்திருந்தது. ஆறு சிறப்பு கிளினிக்குகளில் நிபுணர்களின் முடிவோடு ஒப்பிட்டபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதத்தினரையும் இல்லாதவர்களில் 80.7 சதவீதத்தினரையும் அது சரியாகச் சொன்னது. கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று: 475 பேரில் 335 பேரைப் பற்றித்தான் நிபுணர்களே உறுதியாக இருந்தார்கள். அந்த 335 பேரிடம் கருவியின் கணிப்பும் 78, 85.4 என்று உயர்ந்தது. மனிதர் தயங்கும் குழந்தையிடம் இயந்திரமும் தடுமாறியது.

இரண்டாவது, டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் டாசன், கியெர்மோ சபீரோ குழு உருவாக்கிய சென்ஸ்டுநோ செயலி. தடுப்பூசிக்கும் வழக்கமான பரிசோதனைக்கும் வரும் குழந்தையிடம் டேப்லெட்டில் வீடியோ காட்டும்; பார்வை, முக அசைவு, தலை அசைவு, கண் சிமிட்டல், பெயர் கூப்பிட்டால் திரும்பும் வேகம், திரையில் குமிழி உடைக்கும் விரலின் அழுத்தம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். ஆட்டிசம் இருந்த 49 பேரில் 43 பேரைச் சரியாகக் கைகாட்டியது. ஆனால் கைகாட்டிய குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேருக்கே ஆட்டிசம் இருந்தது. இது தோல்வியல்ல, ஸ்கிரீனிங்கின் இயல்பு. ஆட்டிசம் இல்லாத குழந்தைகள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், அவர்களில் சிறு பங்கினர் தவறாக அகப்பட்டாலும் பட்டியல் நீண்டுவிடும். பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாளையும் சேர்த்துக்கொண்டபோது பத்துக்கு நான்கு என்பது ஆறுக்கும் மேல் உயர்ந்தது. நூற்றாண்டுக்கு மேல் பழுத்த கருவியும், அம்மாவின் கவனிப்பும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்தால்தான் விடை திருந்துகிறது.

நம் நாட்டுக்கும் இந்தப் பயணம் வந்துவிட்டது. இந்திய, பிரிட்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய ஸ்டார்ட் என்ற டேப்லெட் செயலியை, ஆட்டிசத்தில் சிறப்புப் பயிற்சி இல்லாத சுகாதாரப் பணியாளர்களே டெல்லியில் வீடுகளுக்கு எடுத்துச் சென்று, 2 முதல் 7 வயதுள்ள 131 குழந்தைகளிடம் சோதித்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. நிபுணர் கிடைக்காத ஊர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு வேண்டுகோளும் உண்டு: இயந்திரம் எந்தக் குழந்தைகளைப் பார்த்துப் பழகியதோ அவர்களைத்தான் நன்றாக அறியும். தமிழ்நாட்டுக் குழந்தைக்குத் தீர்ப்புச் சொல்லும் முன் அது தமிழ்நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துப் பழக வேண்டும். நம் முகங்களையும் நம் விளையாட்டுகளையும் நம் வீட்டு வெளிச்சத்தையும் அறிந்திருக்க வேண்டும். எடுத்த வீடியோ யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

1930-களின் பாடத்தை இங்கேதான் நினைவில் வைக்க வேண்டும். பார்வை ஓர் அறிகுறி. கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்புவது, படிக்கத் திணறிய மாணவரின் கண்ணை விரட்டிய அதே பிழை. கண்ணோடு கண் பார்ப்பது தங்களுக்கு வேதனையாக இருக்கிறது, பார்க்காதபோதுதான் எதிரில் இருப்பவர் பேசுவது நன்றாகக் காதில் விழுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கருவி தரும் எண்ணைக் கொண்டு குழந்தையைத் திருத்தக் கிளம்பக் கூடாது. அந்தக் குழந்தைக்கு எந்த வழியில் பேசினால் போய்ச் சேரும் என்று தெரிந்துகொள்ளவே அந்த எண் பயன்பட வேண்டும். கைதட்டலில் லயித்த அந்த 15 மாதக் குழந்தை காட்டியது குறையை மட்டுமல்ல. அவளை எட்டும் வழியையும் காட்டினாள்.

ஸ்கிரீனிங் என்பது வாசல். உள்ளே பேச்சுப் பயிற்சியாளரும் செயல்முறைப் பயிற்சியாளரும் குழந்தை நல மருத்துவரும் இருந்தால்தான் வாசலைத் திறந்ததில் பொருள் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் அதற்காகவே இருக்கின்றன. கருவிகள் பெருகும் வேகத்தில் அந்த மையங்களில் ஆட்களும் பெருக வேண்டும். சந்தேகம் உள்ள பெற்றோர் கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தையை இப்போதே அங்கே அழைத்துப் போகலாம். இருநூறு ஆண்டுகளில் கருவி மெல்ல மெல்லக் கண்ணை விட்டு விலகியது. அது விலகியதால் கிடைத்த இடத்தில், குழந்தைக்கு அருகில், மனிதர்கள் வந்து உட்கார வேண்டும்.